பதினாலாவது பேர்

துலுக்காணம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சாவறதுக்கு இன்னும் எத்தினி நாள் ஆவும் சிஸ்டர்?" என்பது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். நான் அவருடைய வலது காலைத் தூக்கி மடக்கிக்கொண்டிருந்தேன். "அதை டாக்டராண்ட கேளு. எனக்குக் காலை மடக்கவும் நீட்டவும்தான் தெரியும்" என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

என் பெயர் ஆரோக்கியமேரி. திருவள்ளூரில் மணவாள நகரைத் தாண்டி அப்போது ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதில், கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க, உடற்பயிற்சி அறை என்று ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். இருபத்தாறு வருஷம் அந்த அறைதான் என் உலகம். இந்த வேலை பார்த்தவளுக்கு மலையளவு பொறுமை இருந்திருக்கும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். ஒரு மண்ணும் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். என்னிடம் திட்டு வாங்காமல் அந்த அறையை விட்டு எழுந்து போனவர் யாரும் இல்லை. துலுக்காணம் நிறையவே வாங்கினார். ஆனால் அவர் விஷயத்தில் திட்டு வாங்கியிருக்க வேண்டியவள் நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வந்தது 1972 ஜூலையில். முப்பது வயசு. பழவேற்காடு ஏரிக்கரையில் நடுத்திட்டுக் குப்பம் என்ற ஊர். ஏரியில் இறாலும் மடவையும் பிடிக்கிற குடும்பம். மீன் இல்லாத மாசங்களில் அந்த ஊர் ஆண்கள் ஏரியில் சிப்பி அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். மார்ச் மாசம் ஒரு நாள் அப்படி ஒரு லாரியில் சிப்பி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறார். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரி திரும்பியபோது இவர் கீழே விழுந்தார். அவர் மேல் இரண்டு மூட்டை விழுந்தது.

அத்தோடு போயிருந்தால் எப்படியோ. அந்தப் பக்கத்தில் கை கால் முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் இல்லை. பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் கட்டுக் கட்டுகிறவர்களிடம்தான் போவார்கள். கையும் காலும் நிறையப் பேருக்கு அங்கே நேராகியும் இருக்கின்றன. ஆகவே சொந்தக்காரர்கள் இவரைத் தூக்கி, பஸ்ஸில் இரண்டு பேருக்கு நடுவில் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டு போயிருக்கிறார்கள். முதுகெலும்பு உடைந்தவனை உட்கார வைத்து. கட்டுக்காரர் நல்ல மனுஷன். பஸ்ஸை விட்டு இறக்கவே விடவில்லையாம். "இது என் கையில் இல்ல, முதுகுக்கு நான் கட்ட மாட்டேன், அப்படியே படுக்க வெச்சுப் பட்டணம் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார். புதுவாயலில் விழுந்தபோது இடது கால் விரல்கள் கொஞ்சம் அசைந்ததாக அவர் மனைவி செங்கம்மாள் சொன்னாள். பட்டணம் போய்ச் சேரும்போது இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மாசம் கிடந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

அவரோடு நான் போட்ட முதல் சண்டை குண்டூசியால் வந்தது. வாரத்துக்கு ஒரு முறை கண்ணை மூடச் சொல்லி, காலில் அங்கங்கே ஊசி முனையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பேன். துலுக்காணம் எல்லா இடத்திலும் "தெரியுது" என்றார். எனக்குச் சந்தேகம். ஊசியை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு "இப்போ தெரியுதா?" என்றேன். "தெரியுது சிஸ்டர்" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். "யாரை ஏமாத்தறே நீ? என் மனசு குளிரணும்னு சொல்றியா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இந்தப் பொய் நாளைக்கு உன் காலைத்தான் தின்னும்" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் கண்ணைத் திறந்து ஊசி மேஜையில் கிடப்பதைப் பார்த்தார். கோபப்படவில்லை. "செரி. தெரியல" என்றார். அதற்குப் பிறகு அந்த மனுஷன் ஒரு நாளும் என்னிடம் பொய் சொல்லவில்லை. ஏழு மாசம் தெரியல, தெரியல, தெரியல.

செப்டம்பரில் ஒரு நாள் டீ டம்ளரைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பன்னைப் பிய்த்துத் தின்றிருக்கிறார். கொதிக்கிற டீ. சாயங்காலம் பார்த்தால் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். காலையும் சாயங்காலமும் இரண்டு காலையும் பாதம் வரை கண்ணால் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி செய்கிற வேலையை இனிமேல் கண் செய்யட்டும். அவரும் செய்தார். சந்தையில் அடுத்தவர் கூடையைப் பார்ப்பது போலத் தன் காலைப் பார்த்தார்.

பயிற்சி என்றால் என்னமோ பெரிதாக நினைக்க வேண்டாம். முதல் பாடம் உட்காருவது. அடுத்தது, உட்கார்ந்த இடத்தில் கையை ஊன்றி உடம்பை மேலே தூக்குவது. செங்கல் உயரத்தில் கைப்பிடி வைத்த இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு கையிலும் ஒன்றைப் பிடித்து அழுத்தினால் பிருஷ்டம் தரையை விட்டு எழும்பும். அப்படியே தாக்குப்பிடித்துப் பத்து எண்ண வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை இதைச் செய்யாவிட்டால் உட்கார்ந்த இடம் புண்ணாகிவிடும். இந்தப் புண்தான் இவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கொண்டு போவது. முதுகு அல்ல.

துலுக்காணம் பத்து எண்ணவில்லை. தூக்கிக்கொண்டு ஏதோ பேர்களை முணுமுணுத்தார். "முனிகிருஷ்ணன், அருணாச்சலம், பச்சையப்பன்..." மூன்றாவது பேரோடு கை நடுங்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அதே பேர்கள், அதே வரிசை.

"இன்னாப்பா இது, சாமி பேரா?" என்று கேட்டேன்.

"பாடு வரிசை சிஸ்டர். எங்க ஊரு லிஸ்ட்டு."

"நீ எங்கே இருக்கே அதுல?"

"பதினாலு."

"சரி, உன் பேர் வர்ற வரைக்கும் தூக்கிக்கினு இரு. பத்தும் பதினாலும் ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல" என்று விட்டுவிட்டேன். எதை எண்ணினால் எனக்கென்ன.

பாடு என்றால் என்ன என்று செங்கம்மாள்தான் எனக்குப் புரிய வைத்தாள். ஒல்லியான, சுருக்கென்று பேசுகிற பெண். நாலு வயசு மகளைத் தாயார் வீட்டில் விட்டுவிட்டு வார்டிலேயே கிடந்தாள். ஏரியில் இறால் கூடுகிற இடங்கள் சிலதான். அவற்றைக் குப்பத்து ஆண்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. தை அமாவாசைக்கு மறுநாள் காலை ஊர்த் தலைவர் தன் படகைக் கரையிலிருந்து இருபது அடி தள்ளித் தண்ணீரில் நிறுத்துவார். தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் வரிசைப்படி பேரைக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் தானே போய்ப் படகில் ஏற வேண்டும். யாரும் அவனைத் தொடக்கூடாது. ஏறியதும் நாட்டார் "கால் நனஞ்சுதா?" என்று கேட்பார். "நனஞ்சுது" என்று சொன்னால்தான் பானையில் கை விட்டுச் சீட்டு எடுக்கலாம். சீட்டில் வருகிற இடம் அந்த வருஷத்துக்கு அவனுடையது. பேர் உள்ளவனுக்குக் காய்ச்சல் தலைவலி என்றால் தம்பியோ மச்சானோ அவனுக்காக வலை வீசலாம். ஆனால் அந்த ஒரு நாள் அவனே வர வேண்டும். வராதவன் பேர் அடிபடும். அடிபட்ட பேர் திரும்பி வராது.

"இது இன்னா கண்றாவிச் சட்டம்?" என்றேன்.

"கரையில குந்திக்கினு அடுத்தவனை எறக்கி விட்டுப் பொயக்கிற வியாபாரி பேர் சேர்க்கக் கூடாதுன்னு பெரியவங்க வெச்சது சிஸ்டர்" என்றாள். பிறகு புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு சொன்னாள். "பேர் இருக்கறப்பவே செத்துட்டா பொண்டாட்டிக்கு அரைப் பங்கு உண்டு. உசுரோட கெடந்தா ஒண்ணும் இல்ல. வரப்போற தையோட அவுரு பேரு போவுது. அதுக்கு முன்னாடி போய்ட்டா எனக்கும் பொண்ணுக்கும் சோறு. அதான் எத்தினி நாள் ஆவும்னு எல்லாரையும் கேக்கறாரு."

அன்று நான் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் காலை அவர் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். "தை அமாவாசைக்கு ஆறு மாசம் இருக்குது. உன்னை நடக்க வைக்கிறேன். இரும்பு போட்டு, கோல் ஊன்றி, இருபது அடி. அப்புறம் படகில் ஏறு, பேர் நிக்கும். சாகற பேச்சை விடு" என்றேன்.

"செரி சிஸ்டர்" என்றார்.

உள்ளே அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. முகத்தில் எதுவும் வராது. மகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள், தலையைத் தடவிவிட்டு விசிறியைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழேதான் மரத்துப் போயிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். எனக்கென்னவோ அது மேலேயும் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. கை மட்டும் ஏழாவது பேர், ஒன்பதாவது பேர் என்று ஏறிக்கொண்டே போனது. சின்ன வயசிலிருந்து கழி ஊன்றிப் படகு தள்ளிய கை. நவம்பரில் ஒரு நாள் "துளசிராமன்" என்று பதின்மூன்றாவது பேரைச் சொல்லி, மூச்சு வாங்கி, "துலுக்காணம்" என்று தன் பேரையும் சொல்லிவிட்டு மெதுவாகக் கீழே இறங்கினார்.

"என் பேர் வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். செங்கம்மாள் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்கு வாயெல்லாம் பல்.

அந்த மாசம் நாட்டார் பார்க்க வந்தார். ராஜவேலு என்று பெயர், துலுக்காணத்துக்குத் தாய்மாமன். ஒரு பை உலர்ந்த இறாலைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். நான் விடுவேனா. "நீங்கதானே நாட்டார்? தலைவரே சொந்த மாமனா இருந்தும் ஒரு பேரைக் காப்பாத்த முடியாதா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"என் அக்கா புள்ளைக்கு மாத்தினா நாளைக்கு வியாபாரி கேப்பான்மா, உன் மருமவனுக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமான்னு. நாப்பத்தோரு ஊடு கீது எனக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. போகும்போது மருமகன் கையை ஊன்றித் தூக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

கால் இரும்பை மணவாள நகர்க் கொல்லரிடம் அடிக்கக் கொடுத்தேன். வழக்கமாக அடியில் பூட்ஸ் தைப்போம். துலுக்காணம் ஒரே ஒரு தடவை வாய் திறந்து, "செருப்பா இருக்கட்டும் சிஸ்டர், கால் நனையணும்" என்றார். அப்படியே செருப்பாகத் தைத்தோம். முழங்காலில் பூட்டுப் போட்டு இரும்பை நிமிர்த்தி நிறுத்தியதும் அவர் என்னை விட ஒரு சாண் உயரம் என்பது தெரிந்தது. நாலு மாசமாகப் படுக்கையில் பார்த்தவரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. முதலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடந்தார். பிறகு அக்குளுக்குக் கீழே கோல் வைத்து நடந்தார். இரண்டு கோலையும் முன்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி வீசி, கால் இரண்டையும் ஒன்றாக முன்னால் போடுவது. பொங்கலுக்கு முன்னால் அறையின் இந்த முனையில் சுண்ணாம்பால் ஒரு கோடு, இருபது அடி தள்ளி ஒரு கோடு போட்டேன். விழாமல் போனார்.

நான் சும்மா இருந்தேனா? தண்ணீரில்தானே நடக்க வேண்டும் என்று அந்தச் சிமெண்டுத் தரையில் இரண்டு வாளி தண்ணீரைக் கொட்டி நடக்க வைத்தேன். வழுக்காமல் நடந்தார். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே ஒரு நினைப்பு. அப்போது துலுக்காணம் கீழே பார்த்துக்கொண்டே, "அங்க தரை இப்பிடி இருக்காது சிஸ்டர்" என்றார்.

"தரை எல்லாம் தரைதான். நீ முதல்ல இங்கே ஒழுங்கா நட. வந்துட்டான், எனக்குச் சொல்ல" என்றேன்.

அவர் எதையும் இரண்டாம் தடவை சொல்கிற ஆள் இல்லை. நானும் கேட்கிற ஆள் இல்லை. பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் அந்தக் கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்திருக்கலாம். கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

தை அமாவாசைக்கு மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி ஜீப்பில் கிளம்பினோம். அவர், செங்கம்மாள், நான். புதுவாயல் கூட்டுரோட்டில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். ஒரு மிட்டாய்க் கடை, சைக்கிள் கடை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுசாகக் கட்டுகிற ஏதோ ஃபாக்டரிக்கு வேலைக்குப் போகிற ஆட்கள். துலுக்காணம் சைக்கிள் கடைக்கு முன்னால் இருந்த இடத்தைக் காட்டி "இங்கதான்" என்றார். நான் அந்த இடத்தைப் பார்த்தேன். தார் ரோடு, கொஞ்சம் வைக்கோல். "டீ ஆறுது" என்று நினைவுபடுத்தினார். டம்ளரை அவர் கையிலேயே வைத்திருந்தார், மடியில் வைக்கவில்லை.

நடுத்திட்டுக் குப்பத்தில் இறங்கி ஏரியைப் பார்த்தேன்.

தண்ணீர் வற்றி உள்ளே போயிருந்தது. மணல் முடிகிற இடத்திலிருந்து நாட்டாரின் படகு வரைக்கும் கறுப்புச் சேறு. சேறு முழுக்க உடைந்த சிப்பி, விளிம்பு விளிம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. படகைச் சுற்றி மட்டும் முழங்கால் தண்ணீர். கூப்பிட்ட ஆட்கள் ஒவ்வொருவராக நடந்து போனார்கள். கெண்டைக்கால் வரைக்கும் உள்ளே போகிறது, உறிஞ்சிக்கொண்டு வெளியே வருகிறது. பழக்கப்பட்ட கால்கள், எங்கே வைக்க வேண்டும் என்று அவற்றுக்கே தெரிகிறது. கோலின் அடியில் நான் போட்டிருந்த ரப்பர் ஒரு ரூபாய்க் காசு அகலம்.

"செங்கம்மா, இது சேறு" என்றேன், அவளுக்குத் தெரியாத மாதிரி.

"ஆமா சிஸ்டர்" என்றாள். "நீங்க ஏதாவது வழி வெச்சிருப்பீங்கன்னு இருந்தோம்."

நாட்டார் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பேரும் அவர் வாயில் வருவதற்கு முன்னால் என் வாயில் வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. துளசிராமன் ஏறினான், நனஞ்சுது என்றான், சீட்டு எடுத்தான், இறங்கினான்.

"துலுக்காணம்."

இரும்பும் கோலுமாக மணல் மேட்டில் அவர் எழுந்து நின்றபோது கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் மூட்டையாகக் கொண்டுபோனவர் நிற்கிறார். மணலில் நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டுக்குக் கோலைச் சேற்றில் ஊன்றினார். அது முழங்கை ஆழத்துக்கு இறங்கிற்று. இழுத்தார், வரவில்லை. அடுத்த கோலும் போயிற்று. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

செங்கம்மாள் ஓடினாள். ஒரு கிழவர் குறுக்கே கையை நீட்டி, "தொடாதம்மா, தொட்டா பேர் பூடும்" என்றார். அவள் அங்கேயே நின்றாள். நானும் இரண்டு அடி ஓடி நின்றேன்.

துலுக்காணம் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். கோல்களைப் பார்த்தார். பிறகு தொடைப் பட்டையிலிருந்து ஒவ்வொரு வாராக அவிழ்த்தார். ஆறு வார் ஒரு காலுக்கு. இரண்டு இரும்பையும் கழற்றிச் சேறு படாமல் மணலில் வீசினார். அவசரமே இல்லை. கைலியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, படகுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். பின்னால் கையை ஊன்றித் தூக்கினார், ஒரு முழம் பின்னால் வைத்தார். மறுபடி தூக்கினார், வைத்தார். கட்டை இல்லை, விரல்களை விரித்து நேரே சேற்றிலும் சிப்பியிலும் ஊன்றினார். கால்கள் இரண்டும் முன்னால் தன்பாட்டுக்கு இழுபட்டுக்கொண்டு வந்தன. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்க வேண்டியதில்லை.

மூன்று மாசம் நான் பாடுபட்டு நடக்க வைத்தது நாலு எட்டுக்குத்தான் ஆயிற்று. புண் வராமல் இருக்க மட்டும் என்று நான் முதல் மாசம் கற்றுக்கொடுத்ததை வைத்து அந்த மனுஷன் சேற்றைக் கடந்துகொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

தண்ணீர் வந்ததும் உடம்பு இலேசாகிவிட்டது. படகின் விளிம்பில் முழங்கையை மாட்டி, எக்கி, வயிற்றால் ஏறிப் புரண்டார். கால்களைக் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டார். குறுக்குப் பலகையில் ஏறி உட்கார்ந்து நிமிர்ந்தார். நான் தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்திருந்தேன். என் செருப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நாட்டார் மற்ற பதின்மூன்று பேரிடம் கேட்ட அதே குரலில் கேட்டார். "கால் நனஞ்சுதா?"



சொல்லேன், ஐயா. ஒரே வார்த்தை. மனசுக்குள் அவரிடம் கெஞ்சினேன். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. கையால் தொட்டுப் பார்த்தார். கையும் சேறு. அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குண்டூசியை மேஜை மேல் வைத்துவிட்டு நான் கத்திய கத்தல் என் காதிலேயே கேட்டது.

"தெரியல மாமா" என்றார்.

செங்கம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியல. நீயே பாத்துச் சொல்லு."

நாட்டார் குனிந்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். இடது பாதம் குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சிப்பி கிழித்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ரத்தம் சேற்றைக் கழுவிக்கொண்டு பலகையில் வடிந்து, படகின் அடியில் கிடந்த தண்ணீரில் சேர்ந்துகொண்டிருந்தது. துலுக்காணம் நாட்டாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டார் அந்தப் பாதத்தைப் பார்த்தார். தொடவில்லை. நிமிர்ந்து கரையைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நனஞ்சுகீது" என்றார்.

பானையை நீட்டினார். துலுக்காணம் சீட்டு எடுத்தார். எடுத்து முடிந்த பிறகு ராஜவேலு தன் தோள் துண்டை எடுத்து மருமகனின் பாதத்தை இறுக்கிக் கட்டினார்.

பதினொரு தையல் போட்டோம். பின்பக்கத்தில் உராய்ந்த புண்கள் வேறு. நாலரை மாசம் குப்புறப் படுக்க வைத்தேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், கான்வாஸில் தடித்த கால்சட்டையும் பாதத்துக்கு உறையும் தைத்துக் கொடுத்து, தை அமாவாசைக்கு மறுநாள் நானே போய் நின்றேன். அவர் பலகையில் உட்கார்ந்தபடியே வலை இழுத்தார். செங்கம்மாள் கழி ஊன்றினாள். அவர் போனபோது பேர் வரிசையில் இருந்தது. அரைப் பங்கு அவளுக்கு வந்தது. எப்போதாவது சிரித்தாரா என்று கேட்கிறார்கள். நான் பார்த்ததில்லை.

அதெல்லாம் பிற்பாடு. அன்று, துண்டில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தபோது, எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. சேற்றில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். நாட்டார் கரைப் பக்கம் திரும்பி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"அப்பாவு."

ஏழு மாசம் தினமும் அந்த வரிசையைப் பதினாலு வரைக்கும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேரை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.